பக்கத்து மனையில் டவர் எழும்புகிறது: சுற்றுச்சூழல் அனுமதி பற்றிப் பெங்களூருத் தமிழர்கள் கேட்பவை

எட்டு வருடம் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தேன். மொட்டை மாடியில் தூசிக் கருவி, போர்வெல்லில் தண்ணீர்க் கேன், சாலையோரம் இரைச்சல் மீட்டர். வேலையை விட்டு நாளாயிற்று, கேள்விகள்தான் விடவில்லை. விவேக்நகர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து, "அண்ணா, எங்க லேஅவுட் பக்கத்துல நாலு டவர் வருது, இ.சி. இருக்கான்னு எப்படிப் பாக்கறது?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவற்றைக் கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

இ.சி., ஈ.ஐ.ஏ. இரண்டும் ஒன்றா?

இல்லை. ஈ.ஐ.ஏ. என்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: ஒரு திட்டம் வந்தால் அங்குள்ள நீர், காற்று, மண், மரம், போக்குவரத்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே போடும் கணக்கு. இ.சி. என்பது அந்தக் கணக்கைப் பார்த்து அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம். முன்னது பரீட்சைத் தாள், பின்னது மதிப்பெண் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் என்னவென்றால், நம் ஊரில் எழும்பும் கட்டடங்களில் பெரும்பாலானவை பரீட்சைத் தாளே எழுதாமல் மதிப்பெண் வாங்குகின்றன. சட்டப்படியேதான். அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இது வேண்டும்?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2006 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கைதான் இன்றும் அடிப்படை. அதற்கு முன் 1994இல் ஒன்று இருந்தது. 2006 அறிவிக்கையின் அட்டவணையில் எட்டாவது வரிசை கட்டடங்களுக்கானது. கட்டப்பட்ட பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் இ.சி. வேண்டும். 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டாலோ, 50 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நகரியமாக அமைந்தாலோ அது மேல் படி.

கீழ்ப் படிக்கு, அதாவது இருபதாயிரத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவே இருப்பவற்றுக்கு, முழு மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை. படிவங்களும் உத்தேச வரைபடமும் போதும். மேல் படிக்குத்தான் அறிக்கை கட்டாயம். ஃபிளாட் விளம்பரத்தில் "சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது" என்று இருந்தால் யாரோ ஆறு மாதம் ஆராய்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

20,000 சதுர மீட்டர் என்பது சுமார் 2,15,000 சதுர அடி. கார் நிறுத்தமும் சேர்த்தால் நூற்றுச் சொச்சம் ஃபிளாட்டிலேயே இந்த அளவு வந்துவிடும். "கார் நிறுத்தம் சேருமா?" என்று கேட்பார்கள். சேரும். 2011 ஏப்ரலில் வந்த திருத்தம், எல்லா மாடிகளும் பேஸ்மென்ட்டும் சேவைப் பகுதிகளும் கூட்டிய மொத்தமே கட்டப்பட்ட பரப்பு என்று தெளிவாக்கியது. மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்று பார்க்க மாநகராட்சி போடும் தளப்பரப்பு விகிதக் கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்புவதில் சிலருக்கு லாபம் உண்டு.

19,800, 19,900 என்று முடியும் எண்ணைப் படிவத்தில் கண்டால் நான் உடனே பக்கத்துச் சர்வே நம்பரைப் பார்ப்பேன். அங்கே அதே காம்பவுண்டுச் சுவர், அதே நுழைவாயில், வேறு பெயரில் இரண்டாம் கட்டம் என்று இன்னொரு 19,700 இருக்கும்.

அனுமதி தருவது மாநகராட்சியா?

இல்லை. பெரிய தொழிற்சாலை, அணை, சுரங்கம் போன்ற ஏ பிரிவுத் திட்டங்களுக்கு டெல்லியில் உள்ள ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம். கட்டடங்கள் பி பிரிவு. அவற்றை மாநில நிபுணர் குழு பரிசீலித்துப் பரிந்துரைக்க, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி தரும். பெங்களூருக்குக் கர்நாடக ஆணையம்.

மாநகராட்சி தருவது வரைபட அனுமதி. (2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. எந்தக் கவுன்ட்டரில் நிற்பது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை.) சர்ச் தெருப் பரிசர பவனில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவது நிறுவ ஒரு ஒப்புதல், இயக்க ஒரு ஒப்புதல். பில்டரின் ஆள் இந்த மூன்றில் ஏதாவது ஒரு தாளைக் காட்டி "எல்லாம் இருக்கு சார்" என்பார். எது என்று தலைப்பைப் படித்துப் பாருங்கள்.

அறிக்கையை எழுதுவது யார்? பில்டர் காசு கொடுத்து எழுதுவதுதானே?

ஆமாம். தரச்சான்று வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த நிறுவனத்தை அமர்த்துவதும் பணம் கொடுப்பதும் திட்டக்காரர். மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தில் பெண்ணுக்கு வக்கீல் வைத்த மாதிரி. நான் வேலை பார்த்த இடத்தில் எண்களை மாற்றச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே வராது. எங்கே மாதிரி எடுப்பது, எந்த மாதம் எடுப்பது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். ஒரு முறை எங்கள் அறிக்கை ஒன்றில் "கடல் காற்றின் தாக்கம்" என்று ஒரு பத்தி இருந்தது. சர்ஜாபுர ரோட்டுத் திட்டத்துக்கு! வேறொரு ஊர் அறிக்கையை எடுத்துப் பெயர் மாற்றியவர் அந்தப் பத்தியை மறந்துவிட்டார். கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் கவனிக்கவில்லை.

மாதிரி எப்படித்தான் எடுக்கிறார்கள்?

காற்றுக்கு ஒரு டஸ்ட் சாம்ப்ளர். வடிதாளை முதலில் எடை போட்டு மாட்டி, 24 மணி நேரம் காற்றை உறிஞ்சவிட்டு, மறுபடி எடை போடுவோம். கூடிய எடைதான் தூசி. பி.எம். 10 (பத்து மைக்ரானுக்குள் அடங்கும் தூசி) ஒரு நாள் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள்ளும், அதைவிட நுண்ணிய பி.எம். 2.5 அறுபதுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 2009இல் வந்த தேசிய அளவுகோல். கருவிக்குக் கரண்டு வேண்டும், அதனால் யாராவது ஒரு வீட்டு மொட்டை மாடி வேண்டும். கசவனஹள்ளியில் ஒரு பாட்டி, "ராத்திரி பூரா உர்ருனு கத்துது, பில்லு யாரு கட்டுவா?" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அன்றைய வாசிப்பு எட்டு மணி நேரத்தோடு நின்றது. மறுநாள் இருநூறு ரூபாய் கொடுத்து முதலிலிருந்து தொடங்கினோம்.

இரைச்சலுக்குக் குடியிருப்புப் பகுதி வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணிக்கு மேல் 45. பெங்களூரில் இந்த எண்ணைத் தொடும் தெருவை நான் பார்த்ததில்லை. திட்டம் வருவதற்கு முன்பே 65 என்றால், வந்தபின் 68 ஆனால் என்ன என்று அறிக்கை தோளைக் குலுக்கிவிடும்.

ஆனால் எனக்கு உறுத்திய விஷயம் இதெல்லாம் இல்லை. அடிப்படைத் தரவு ஒரு பருவத்துக்கு எடுத்தால் போதும், அதுவும் மழைக்காலம் தவிர்த்த பருவம் என்பது நடைமுறை. தூசிக்கு அது நியாயம்தான், மழை பெய்தால் காற்று கழுவிவிடும். நம் ஊரின் பிரச்சினை எப்போது வருகிறது? ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மழையில். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு கம்பெனிக்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அந்த நிலத்தின் மீதெல்லாம் ஜனவரியில் வந்து நின்று பார்த்தால் ஓடை என்பது செடி முளைத்த ஒரு பள்ளம். அறிக்கையில் "வறண்ட வடிகால்" என்று எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன்.

அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் படிப்பது?

பறவைப் பட்டியலைத் தள்ளுங்கள். மைனா, காகம், மாடப்புறா எல்லா அறிக்கையிலும் இருக்கும். நேரே நீர்ச் சமநிலை அட்டவணைக்குப் போங்கள். அந்த ஒரு பக்கம் புரிந்தால் திட்டம் புரிந்த மாதிரி.

1,000 ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட்டுக்கு ஐந்து பேர், மொத்தம் 5,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 6,75,000 லிட்டர் ஆகிறது. இதில் கழிப்பறைக்கு 45 லிட்டரைச் சுத்திகரித்த நீரிலிருந்து எடுத்துக்கொள்வதாகக் காட்டினால், புது நீர் ஆளுக்கு 90 லிட்டர், நாளைக்கு 4,50,000 லிட்டர். "எங்கிருந்து?" என்ற கட்டத்தில் காவிரி என்று எழுதியிருக்கும். அந்தத் தெருவுக்குக் காவிரிக் குழாய் வந்துவிட்டதா? வராவிட்டால் 12,000 லிட்டர் டேங்கர் தினமும் 37, 38 நடை. அந்த டேங்கர்கள் எந்தக் கிராமத்துப் போர்வெல்லில் நிரம்புகின்றன என்பது அறிக்கையில் வராது. காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறந்தபோது நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைத்தது. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு ஏற்றும் தண்ணீர் அது. குழாய் வரும், தெருவுக்கு எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

இனி கழிவுநீர்ப் பக்கம். 6,75,000 லிட்டரில் எண்பது சதவீதம் சாக்கடையாகத் திரும்பும், 5,40,000 லிட்டர். எஸ்.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரிக்கிறோம், சரி. கழிப்பறைக்கு 2,25,000 போகும். தோட்டத்துக்கு ஒரு 45,000. மீதி 2,70,000 லிட்டர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு எதிரே உள்ள கட்டத்தைத்தான் விரல் வைத்துப் படிக்க வேண்டும். "சாலையோர மரங்களுக்கு", "அருகில் நடக்கும் கட்டுமானப் பணிகளுக்கு" என்று எழுதியிருந்தால், இருபத்திரண்டு டேங்கர் நீரைத் தினமும் எந்தச் சாலையோர மரம் குடிக்கிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்கும் தேவையில்லை, மீதி 3,15,000 ஆகிவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத இடமென்றால் அது இரவில் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாயில் இறங்கும், அங்கிருந்து பெல்லந்தூர் ஏரிக்கு. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தது. தண்ணீர் எரிந்தது என்று உலகமே வேடிக்கை பார்த்தது. பல்லாயிரம் வீடுகளின் "மீதி" என்ற கட்டம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

2024 கோடைத் தட்டுப்பாட்டின்போது, சுத்திகரித்த உபரி நீரை அடுக்ககங்கள் விற்கலாம் என்று அரசு வழிவிட்டது. நல்ல விஷயம். அதற்கு எஸ்.டி.பி. உண்மையிலேயே ஓட வேண்டும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டுகிறார்களே, போதாதா?

பத்து ஏக்கர் மனை, சுமார் 40,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்த மனையில் மட்டும் விழுவது 20 லட்சம் லிட்டர். வெறும் மண்ணாக இருந்தபோது முப்பது சதவீதம், ஆறு லட்சம் லிட்டர், வெளியே ஓடியது என்று கொள்ளலாம். கூரையும் கான்கிரீட்டும் வந்தபின் எழுபத்தைந்து சதவீதம் என்றால் பதினைந்து லட்சம். கூடுதல் ஒன்பது லட்சம் லிட்டர், ஒரே மணி நேரத்தில், கீழே இருக்கும் லேஅவுட்டை நோக்கி. தொட்டியின் கொள்ளளவு அட்டவணையில் இருக்கும். இரண்டு லட்சம் லிட்டர் என்று இருந்தால் மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள். சரிவு எந்தப் பக்கம் என்பதற்கு, ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் சமஉயரக்கோட்டு வரைபடம் இணைத்திருப்பார்கள். உங்கள் வீடு அந்தக் கோட்டில் எங்கே வருகிறது?

ராஜகாலுவேயிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்?

2016 மே 4 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அகரம், பெல்லந்தூர் ஏரிகளை ஒட்டிய கட்டுமான வழக்கில், ஏரிக்கு 75 மீட்டர், முதல்நிலைக் கால்வாய்க்கு 50, இரண்டாம் நிலைக்கு 35, மூன்றாம் நிலைக்கு 25 என்று இடைவெளியை விரித்தது. ஊரே கொஞ்ச நாள் அந்த எண்களைப் பேசியது. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, பெங்களூரு நகரின் 2015 பெருந்திட்டத்தின் அளவுகளுக்கே திரும்பச் சொன்னது: ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்களுக்கு 50, 25, 15. இன்னமும் 75 என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதை நம்பிப் புகார் எழுதாதீர்கள். முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள்.

கால்வாய் எந்த நிலை என்பதை முடிவு செய்வது வரைபடம். வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தை எடுத்து அறிக்கையில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பழையதில் இருக்கும் கோடு புதியதில் காணாமல் போவது உண்டு. தோம்ளூர் சொக்கநாதர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டு எழுநூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. அதற்குக் கிழக்கே முப்பது வருடம் முன்பு வரை ஓடிய ஓடைகள் காகிதத்தில்கூட நிற்கவில்லை.

தூசிக்கும் லாரிக்கும் என்ன கணக்கு?

12,000 சதுர மீட்டரில் பத்து மீட்டர் ஆழத்துக்குப் பேஸ்மென்ட் தோண்டினால் 1,20,000 கனமீட்டர் மண். தோண்டிய மண் உப்பிப் பெருகும், ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். 15 கனமீட்டர் டிப்பரில் 10,000 நடை, திரும்பி வருவதோடு 20,000. அந்த மண் எங்கே கொட்டப்படும் என்ற ஊர்ப்பெயரைத் தேடுங்கள். "வளாகத்துக்குள்ளேயே பயன்படுத்தப்படும்" என்று மட்டும் இருந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

மரங்களை வெட்டினால்?

இ.சி. இருந்தாலும் தனியாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும், கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இன்படி. ஐம்பது மரத்துக்கு மேல் என்றால் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். மரத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படம் பிடித்து வையுங்கள், தேதி தெரியும்படி.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்? யாரும் எங்களைக் கூப்பிடவில்லையே.

கூப்பிடமாட்டார்கள். அட்டவணையின் எட்டாவது வரிசைக்கு, அதாவது கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும், கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஒரு கல்குவாரிக் கூட்டத்தில் கிராமத்தார் மைக் பிடித்துக் கேள்வி கேட்கலாம். உங்கள் ஜன்னலுக்கு முப்பதடி தள்ளி நாற்பது மாடி வந்தால் கேட்க மேடை கிடையாது. இந்த அறிவிக்கையில் எனக்குத் துளியும் ஒப்புதல் இல்லாத இடம் இதுதான்.

மற்ற திட்டங்களுக்கு விதி சுத்தமாக இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழ், ஒரு உள்ளூர் மொழி நாளிதழ், மாவட்ட ஆட்சியரோ கூடுதல் மாவட்ட ஆட்சியருக்குக் குறையாதவரோ தலைமை, முழுக்க வீடியோ பதிவு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, யாருமே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. அதனால் ஓசூர் ரோட்டிலோ ஆனேக்கல் பக்கமோ உறவினர்கள் இருந்தால், நோட்டீஸ் வந்ததும் சொல்லச் சொல்லுங்கள்.

மெட்ரோ, மேம்பாலம், சுரங்கச் சாலைக்கு?

ரயிலும் மெட்ரோவும் 2006 அட்டவணையிலேயே இல்லை. நம்ம மெட்ரோவுக்கு மதிப்பீட்டு அறிக்கைகள் இருப்பதற்குக் காரணம் கடன் கொடுக்கும் வங்கிகள் கேட்பது. ஆசிய வளர்ச்சி வங்கியின் இணையதளத்தில் ரிங் ரோடு, விமான நிலையத் தடங்களுக்கான அறிக்கை கிடைக்கும். நம் சட்டம் கேட்காததைக் கடன்காரர் கேட்கிறார்!

மேம்பாலங்கள் சிக்கலான பேர்வழிகள். 2016இல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் இரும்புப் பாலம் வருவதாக இருந்தது, 812 மரம் போகும் என்றார்கள். இதற்கு இ.சி. வேண்டுமா வேண்டாமா என்பதே வாதம். அந்த அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் அரசே கைவிட்டது. கைவிடக் காரணம் மதிப்பீடா, சாளுக்கியா சர்க்கிளிலிருந்து கைகோத்து நின்ற ஜனமா என்று கேட்டால், நான் ஜனம் என்பேன். ஹெப்பாள், சில்க் போர்டு சுரங்கச் சாலையிலும் இப்போது அதே வாதம் ஓடுகிறது.

மதிப்பீடு தப்பு என்று நீதிமன்றம் சொன்ன கதை உண்டா?

நம் ஊரிலேயே உண்டு. துமகூரு ரோட்டையும் ஓசூர் ரோட்டையும் சுற்றிச் சேர்க்கும் 65 கிலோமீட்டர் புறவட்டச் சாலை. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தமிழாக்கி ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்திலும் மாட்டலாம். அறிக்கைக்கு அடிப்படையான தரவு மூன்று ஆண்டுக்கு மேல் பழையது. வெட்ட வேண்டிய மரங்கள் முதலில் சில நூறு என்று இருந்தன, பிறகு பதினாறாயிரத்துக்கு மேல் என்று தெரிந்தது. பாதையில் பெட்ரோலியக் குழாய் இருப்பதையும் முறையாகக் காட்டவில்லை. நிபுணர் குழு இதையெல்லாம் கேட்காமல் பரிந்துரைத்ததையும் நீதிபதிகள் குறை சொல்லி, புதிதாகத் துரித மதிப்பீடு செய்யச் சொன்னார்கள்.

கவனியுங்கள், சாலையே கூடாது என்று சொல்லவில்லை. கணக்கைத் திரும்பப் போடு என்றார்கள். மதிப்பீட்டை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள். சில நூறுக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவே எண்ணத் தெரிந்த ஒரு ஆள் நடந்து போயிருந்தால் போதும்.

அனுமதி இல்லாமலே கட்டி முடித்துவிட்டால்?

இந்தப் பதில் ஒரே ஆண்டில் இரண்டு முறை மாறியது. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம், கட்டியபிறகு கொடுக்கும் பின்தேதி அனுமதி செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள், ஒருவர் உடன்படவில்லை. தண்டனைப் பக்கம், பழைய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து சிறை போய், பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பதினைந்து லட்சத்துக்கு இன்று சர்ஜாபுரத்தில் கார் நிறுத்த இடம் வாங்கலாம்.

ஃபிளாட் வாங்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

இ.சி. கடிதத்தின் நகல், அதில் உள்ள கட்டப்பட்ட பரப்பு, ஃபிளாட் எண்ணிக்கை. இவை, கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ரெரா ஆணையத்தில் பதிவான எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு டவர் கூடியிருந்தால் திருத்திய அனுமதி எங்கே என்று கேளுங்கள். "எஸ்.டி.பி. இரவில் ஓடுகிறதா?" என்பதை விற்பனைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். குடியேறிய வீட்டுக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், மூக்கு இருக்கும் எவரும் சொல்லிவிடுவார்.

குடிசைப் பகுதியைக் காலி செய்துதான் திட்டம் வருகிறது. அந்த மக்கள் மதிப்பீட்டில் வருவார்களா?

"சமூக, பொருளாதாரச் சூழல்" என்று ஓர் அத்தியாயம் இருக்கும். எழுத்தறிவு விகிதம், வேலைவாய்ப்பு உருவாகும் என்ற இரண்டு வரி, அவ்வளவே. 2013 ஜனவரியில் ஈஜிபுரா குடியிருப்புகளை இடித்தார்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் பலவும் அதில் தெருவுக்கு வந்தன. அங்கே இருந்த ஒரு அக்கா இன்று எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். தூசிக்கும் இரைச்சலுக்கும் மீட்டர் இருக்கிறது, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் அந்த அக்காவின் ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன். கன்னடம் எழுத வராது. நான் கேட்கலாமா?

கேட்கலாம். பாதிப்பு உள்ளவர் வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தகவல் உரிமை மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்த மாநில அலுவல் மொழியிலோதான் செல்லும், பெங்களூரில் தமிழில் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். கட்டணம் பத்து ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனு 150 சொல்லுக்குள், ஒரே விஷயம் பற்றி இருக்க வேண்டும். நம் ஆட்கள் மூன்று பக்கம் மனக்குறை எழுதி, நடுவில் கேள்வியைப் புதைத்துவிடுவார்கள். "இந்தச் சர்வே நம்பருக்குக் கொடுத்த இ.சி.யின் நகலும் நீர்ச் சமநிலை அட்டவணையும் வேண்டும்" என்ற ஒற்றை வரி போதும். அதற்கு முன் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள். விண்ணப்பம், கூட்டக் குறிப்பு, கடிதம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

மொழி பற்றி ஒரு பழைய செய்தி. 2020 மார்ச்சில் புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் உத்தரவிட்டது.

தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால்?

கர்நாடகத்துக்குத் தெற்கு அமர்வு. அது இருப்பது சென்னைச் சேப்பாக்கம் கலச மகாலில். நம்மவர்களுக்கு ஊருக்குப் போகிற சாக்கில் போய்வரும் தூரம். அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு 30 நாளுக்குள் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம். தொண்ணூறு தாண்டினால் கதவு அடைத்தது அடைத்ததுதான். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்: அஸ்திவாரம் தோண்டும்போது யாரும் பார்ப்பதில்லை, பத்தாவது மாடி எழும்பி வெயில் மறைத்தபிறகு வருவார்கள். அனுமதி கிடைத்ததை திட்டக்காரர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், உள்ளாட்சி அலுவலகத்தில் கடிதத்தை 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும். அந்தப் பொடி எழுத்து விளம்பரம் யார் கண்ணிலும் படாத பக்கத்தில் வரும். நாள் எண்ணத் தொடங்குவது எப்போது என்பதற்கு அதுதான் சாட்சி, வெட்டி வையுங்கள்.

எல்லாம் முடிந்து வேலையும் தொடங்கிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதுதானே?

என் அனுபவத்தில், உருப்படியாக ஏதாவது நடப்பது இதன் பிறகுதான். இ.சி. கடிதத்தின் பின்பாதி முழுக்க நிபந்தனைகள்: மேல்மண்ணைச் சேமிக்க வேண்டும், டிப்பரைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், கட்டுமானத்துக்கு நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது, தொழிலாளர் முகாமுக்குக் கழிப்பறை வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தது பற்றி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டும். பொதுவாகப் போன தடவை கொடுத்ததையே தேதி மாற்றிக் கொடுப்பார்கள்.

முனீஸ்வரா லேஅவுட்டில் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற லேத் மெஷின் ஆபரேட்டர், இப்படி ஒரு அறிக்கையை வாங்கினார். "கட்டுமானத்துக்குச் சுத்திகரித்த நீர் மட்டுமே" என்று அதில் இருந்தது. அவர் பதினோரு நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போன போர்வெல் டேங்கர்களின் எண்ணையும் நேரத்தையும் பேரனின் கணக்கு நோட்டில் குறித்தார். கருத்து ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கங்களின் நகலையும் அறிக்கையின் அந்த வரியையும் மட்டும் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஆய்வுக்கு ஆள் வந்தது. சுத்திகரித்த நீர் டேங்கர்கள் வரத் தொடங்கின. வாடையால் எங்களுக்கே தெரிந்தது. அவர் மட்டும் நோட்டைப் பேரனுக்குத் திருப்பித் தரவில்லை, டிசம்பர் 1 வரட்டும் என்கிறார்.